இங்கிலாந்து குளிர்காலத்துல ஒருநாள் ட்ரிப்: இருட்டறதுக்கு முன்னாடி வயக்காடு, இருட்டினப்புறம் பழைய ஊர்

டிசம்பர் மாசம் லண்டன்ல சூரியன் காலைல 8 மணிக்குத் தான் எட்டிப் பாக்கும், சாயங்காலம் 3:50க்கெல்லாம் மறைஞ்சிடும். இதை நெனச்சே நெறைய பேர் நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் எங்கயும் போகாம ஹீட்டர் பக்கத்துலயே உக்காந்துடறாங்க, எனக்கு அதுல உண்மையாவே வருத்தம், ஏன்னா இங்க இருக்கற பழைய ஊருங்களை குளிர்காலத்துல தான் பாக்கணும். ஆகஸ்ட்ல தோள் இடிக்கற தெருவுல ஜனவரில நீங்க மட்டும் நடக்கலாம், மரத்துல இலை இல்லாததால சர்ச் கோபுரம், கோட்டைச் சுவர், ஆறு வளையற இடம் எல்லாம் ரொம்ப தூரத்துல இருந்தே தெரியும், சூரியன் நாள் பூரா தாழ்வாவே இருக்கறதால மதியம் 12 மணிக்குக் கூட சுவர் மேல சாய்வா தான் வெயில் விழும், அந்தக் கல்லோட சொரசொரப்பு வரைக்கும் பாக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா போதும், மத்த பிளான் எல்லாம் அதுல இருந்தே வந்துடும். உங்க கையில இருக்கறது எட்டு மணி நேர வெளிச்சம். அதுல முதல் பாதிய வெளியில, வயக்காட்டுலயும் ஆத்தங்கரையிலயும் செலவு பண்ணுங்க, மதியத்துக்கு மேல ஊருக்குள்ள வாங்க, இருட்டினதும் கதீட்ரல்ல ஈவன்சாங் (பாடகர் குழு பாடற சாயங்காலப் பிரார்த்தனை) கேட்டுட்டு ட்ரெயின் ஏறுங்க. நெறைய பேர் இதைத் தலைகீழா பண்றாங்க, காலைல காபி, கடை, மியூசியம்னு சுத்திட்டு 2:30 மணிக்கு நடக்க ஆரம்பிச்சா சேத்துல பாதி வழியில இருட்டிடும்.

முதல்ல தேதி

வருஷத்துலயே சீக்கிரம் இருட்டற நாள் டிசம்பர் 21னு எல்லாரும் நெனப்பாங்க, ஆனா லண்டன்ல சாயங்காலம் ரொம்ப சீக்கிரம் இருட்டறது டிசம்பர் 12, 13 சுத்தி தான், அதுக்கப்புறம் சாயங்கால வெளிச்சம் மெதுவா நீள ஆரம்பிச்சிடும், காலை மட்டும் ஜனவரி முதல் வாரம் வரைக்கும் இன்னும் லேட்டாகிட்டே போகும். ஜனவரி கடைசிக்கு வந்தா சூரியன் 4:45க்கு மறையும், பிப்ரவரி நடுவுல 5 மணி தாண்டிடும். அதனால என்னைக் கேட்டா ஜனவரி கடைசில இருந்து பிப்ரவரி முடியற வரைக்கும் தான் பெஸ்ட், கூட்டமே இருக்காது, ஸ்னோட்ராப் பூ சர்ச் தோட்டத்துலயெல்லாம் வெள்ளையா எட்டிப் பாக்கும். பாத், யார்க் மாதிரி ஊர்ல கிறிஸ்துமஸ் மார்க்கெட் நடக்கற சனி ஞாயிறுல போனா மார்க்கெட்டைத் தான் பாப்பீங்க, ஊரைப் பாக்க முடியாது. மார்க்கெட் வேணும்னா வாரநாள்ல போங்க.

சனிக்கிழமையா ஞாயிறா? சனி தான். ஞாயிறு காலைல கதீட்ரல்ல வரிசையா பிரார்த்தனை நடக்கும், சுத்திப் பாக்கறவங்களை மதியம் தான் விடுவாங்க, ரயில்வே ரிப்பேர் வேலையும் பெரும்பாலும் ஞாயித்துக்கிழமை தான் வெப்பாங்க, ட்ரெயினுக்குப் பதிலா பஸ்னு போட்டுட்டா உங்க வெளிச்சத்துல ஒரு மணி நேரம் காலி. டிசம்பர் 25 ட்ரெயினே கெடையாது, 26 கிட்டத்தட்ட எதுவும் ஓடாது, 24 சாயங்காலம் சீக்கிரமே நின்னுடும், 27ல இருந்து புது வருஷம் வரைக்கும் பெரிய பெரிய வேலையா எடுப்பாங்க. அந்த வாரத்துல போறதா இருந்தா நேஷனல் ரெயில் சைட்ல அந்த ரூட்டை தனியா செக் பண்ணாம டிக்கெட் எடுக்காதீங்க.

டிக்கெட்

வாரநாள்ல லண்டன்ல இருந்து கிளம்பற ஆஃப்-பீக் டிக்கெட் (கூட்டம் குறைவான நேரத்துக்கான விலை குறைஞ்ச டிக்கெட்) பொதுவா காலைல 9, 9:30க்கு மேல தான் செல்லும், கோடையில அது பரவால்ல, குளிர்காலத்துல அது பெரிய நஷ்டம். சனி ஞாயிறுல நாள் முழுக்க ஆஃப்-பீக், சனிக்கிழமைய நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். ரெயில்கார்டுங்கற தள்ளுபடி கார்டு இருந்தா மூணுல ஒரு பங்கு குறையும். 16 முதல் 25 வயசு, ரெண்டு பேர் சேந்து போற டூ டுகெதர், குழந்தைங்க கூட போற ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ், 60 வயசு தாண்டினவங்களுக்கு சீனியர்னு தனித்தனியா இருக்கு, ஊர்ல இருந்து வந்திருக்கற அப்பா அம்மாவும் சீனியர் கார்டு வாங்கலாம், பாஸ்போர்ட் காட்டினா போதும். லண்டனும் தென்கிழக்கும் மட்டும் சுத்தறவங்களுக்கு நெட்வொர்க் ரெயில்கார்டு. கார்டே இல்லாம மூணு பேருல இருந்து ஒன்பது பேர் வரைக்கும் சேந்து போனா குரூப்சேவ்ல அதே மூணுல ஒரு பங்கு தள்ளுபடி நெறைய கம்பெனில கெடைக்கும், ஸ்டூடண்ட்ஸ் கும்பலா போறப்ப இதைப் பலபேர் மறந்துடறாங்க.

லண்டன் பஸ், ட்யூப்ல தட்டற ஆயிஸ்டர் கார்டையோ பேங்க் கார்டையோ டேப் பண்ணிட்டு ஏறிடாதீங்க. வின்செஸ்டர், ரை, சாலிஸ்பரி, கேன்டர்பரி எதுலயும் அது செல்லாது, போற ஊர்ல ஃபைன் கட்ட வேண்டியிருக்கும். திரும்பி வர ஒரு குறிப்பிட்ட ட்ரெயினுக்கு மட்டும் செல்லுபடியாகற அட்வான்ஸ் டிக்கெட்டை நான் குளிர்காலத்துல எடுக்கறதில்ல, மழை பிடிச்சுக்கிட்டா சீக்கிரம் கிளம்பணும், ஈவன்சாங் நல்லா இருந்தா லேட்டாகும், அந்த சுதந்திரத்துக்காக ஆஃப்-பீக் ரிட்டர்ன் தான்.

உடுப்பு, பை

இங்க குளிர் நம்பர்ல பெருசா இருக்காது, லண்டன் பக்கம் ஜனவரி மதியம் 7, 8 டிகிரி தான். ஆனா ஈரமும் காத்தும் சேந்து தான் ஆளைக் கொல்லும். உடம்போட ஒட்டின தெர்மல் ஒண்ணு, மேல ஃப்ளீஸ், அதுக்கு மேல காத்தும் மழையும் உள்ள விடாத ஜாக்கெட், அவ்ளோதான். ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சா சாயங்காலம் வரைக்கும் காயாது. ஷூ தான் முக்கியம், வாட்டர்ப்ரூஃப் வாக்கிங் பூட்ஸ், அடில நல்லா பள்ளம் பள்ளமா இருக்கணும், ஏன்னா நவம்பருக்கு மேல தெற்கு இங்கிலாந்துல வயல் பாதை எல்லாமே களிமண் சேறு. பையில ஒரு ஜோடி சாக்ஸ் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, பவர் பேங்க் (குளிர்ல போன் சார்ஜ் சர்ருனு இறங்கும்), சின்ன டார்ச், ஃப்ளாஸ்க்ல டீ, ரெண்டு காலி பிளாஸ்டிக் கவர். அந்தக் கவர் எதுக்குனா, சேத்து பூட்ஸோட பப்புக்குள்ள போறப்ப கால்ல மாட்டிக்கலாம், இல்ல வாசல்ல பூட்ஸைக் கழட்டி வெச்சுட்டு சாக்ஸோட உள்ள போகலாம், கிராமத்து பப்புல இதை யாரும் தப்பா நெனக்க மாட்டாங்க.

வின்செஸ்டர், மணி மணியா

முதல் தடவை போறவங்களுக்கு நான் சொல்றது எப்பவும் வின்செஸ்டர் தான். லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷன்ல இருந்து ஃபாஸ்ட் ட்ரெயின்ல ஒரு மணி நேரம், ஸ்டேஷன்ல இருந்து எல்லாமே நடை தூரம், வயக்காடும் ஊரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருக்கு.

8:30 சுத்தி இருக்கற ட்ரெயினைப் பிடிங்க. 9:40க்கு இறங்கி ஹை ஸ்ட்ரீட்டைத் தாண்டி கதீட்ரல் வளாகம் வழியா நடங்க, ஆனா கதீட்ரலுக்குள்ள இப்ப போகாதீங்க. தெற்குப் பக்கம் கிங்ஸ்கேட்னு ஒரு பழைய கோட்டை வாசல் வரும், அதோட மாடியில ஒரு குட்டி சர்ச்சே இருக்கு, மரப்படி ஏறிப் போய்ப் பாத்துட்டு இறங்கினா காலேஜ் ஸ்ட்ரீட். அங்க 8ஆம் நம்பர் வீட்ல தான் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டன் 1817 ஜூலைல இறந்தாங்க.

அந்தத் தெருவைத் தாண்டினதும் இட்சன் ஆறு, வாட்டர் மெடோஸ்னு சொல்ற ஆத்தோரப் புல்வெளி. குளிர் நல்லா உறைஞ்சு போன ஒரு காலைல இங்க வந்து நில்லுங்க. இது சுண்ணாம்புப் பாறைக்குள்ள ஊறி வர்ற தண்ணி, வருஷம் முழுக்க கிட்டத்தட்ட 10, 11 டிகிரிலயே இருக்கும், வெளியில பூஜ்யம்னா தண்ணி தான் சூடு, அதனால ஆத்து மேல இருந்து ஆவி கிளம்பி முழங்கால் உயரத்துக்குப் படர்ந்து நிக்கும், புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சிருக்க நடுவுல ஆறு மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவா ஓடும், அடியில இருக்கற பச்சைப் பாசி காத்துல அலையற தலைமுடியாட்டம் ஆடறது வரைக்கும் தெரியும். இந்த மாதிரி சுண்ணாம்பு ஆறுகள் உலகத்துலயே ரொம்பக் கொஞ்சம், அதுல பெரும்பங்கு இங்கிலாந்துல தான் இருக்கு. வேகமா தாண்டிப் போயிடாதீங்க.

ஆத்தோரமாவே அரை மணி நேரம் தெற்க நடந்தா ஹாஸ்பிட்டல் ஆஃப் செயின்ட் கிராஸ். பேர் ஹாஸ்பிட்டல்னாலும் இது ஆதரவில்லாத வயசானவங்களுக்காக 1130கள்ல பிஷப் ஹென்றி ஆஃப் புளுவா ஆரம்பிச்ச தங்குமிடம், இன்னும் அதே வேலையத் தான் செய்யுது, கறுப்பு அங்கியும் சிவப்பு அங்கியும் போட்ட பெரியவங்க உள்ள நடந்துட்டு இருப்பாங்க. வாசல்ல இருக்கற போர்ட்டர் லாட்ஜ்ல வழிப்போக்கனுக்கு உண்டான பங்கை, வேஃபேரர்ஸ் டோல், வேணும்னு கேட்டா ஒரு துண்டு ரொட்டியும் சின்ன கப்புல பியரும் தருவாங்க. கேட்டா தான் தருவாங்க, அதனால கூச்சப்படாம கேளுங்க. கிட்டத்தட்ட 900 வருஷ அன்னதான வழக்கம், நம்ம ஊர் சத்திரம் தெரிஞ்சவங்களுக்கு அந்த ரொட்டித்துண்டு கைக்கு வர்றப்ப என்ன தோணும்னு சொல்லத் தேவையில்ல. குளிர்காலத்துல நேரம் குறைவு, ஞாயிறு மூடியிருக்க வாய்ப்பு அதிகம், அவங்க சைட்ல பாத்துட்டுப் போங்க.

தெம்பு இருந்தா ஆத்துக்கு அந்தப் பக்கம் செயின்ட் கேதரின்ஸ் ஹில் ஏறலாம், இரும்புக்காலக் கோட்டை மேடு, மேல இருந்து ஊர் முழுசும் தெரியும். வாரம் பூரா மழைனா விட்டுடுங்க, மெடோஸே தண்ணில முங்கியிருக்கும், அப்போ கிங்ஸ்கேட் ரோடு வழியா தார் ரோட்லயே செயின்ட் கிராஸ் போயிடலாம்.

12:45க்கெல்லாம் ஊருக்குள்ள வந்து சாப்பிட உக்காருங்க. பப்புல கிச்சன் நெறைய இடத்துல 2:30, 3 மணிக்கு மூடிடுவாங்க, அதுக்கப்புறம் சிப்ஸ் பாக்கெட் தான். ஞாயிறுல போறீங்கன்னா சண்டே ரோஸ்ட்டுக்கு (ஞாயிறு மதிய இறைச்சிச் சாப்பாடு) முன்னாடியே டேபிள் புக் பண்ணணும், சைவம்னா பருப்பு, கொட்டைல செய்யற நட் ரோஸ்ட் இருக்கானு மெனுல பாத்துக்கங்க. தண்ணியடிக்காதவங்க ஒரு எலுமிச்சை ஜூஸ் சோடாவோ டீயோ வாங்கிட்டு நெருப்பு மூட்டின அடுப்புப் பக்கத்துல உக்காரலாம், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க.

சாப்பிட்டதும் பழைய கோட்டையோட கிரேட் ஹால். சுவர்ல தொங்கற, கதைல வர்ற ஆர்தர் ராஜாவோட வட்ட மேஜை 5.5 மீட்டர் அகலம், 1,200 கிலோ எடை. ஆர்தர் உக்காந்ததில்ல, 13ஆம் நூற்றாண்டுல செஞ்சது, அது மேல பெயிண்ட் அடிச்சது எட்டாம் ஹென்றி காலத்துல, ஆர்தர் முகத்துலயே ஹென்றி தெரிவார். அரை மணி நேரம் போதும்.

2:30க்கு கதீட்ரல். ஜேன் ஆஸ்டன் கல்லறைக் கல்லைப் படிச்சுப் பாருங்க, அவங்க குணத்தைப் பத்தி நெறைய எழுதியிருக்கு, நாவல் எழுதினாங்கன்னு ஒரு வரி இல்ல, அதுக்காகப் பிற்காலத்துல பக்கத்துலயே தனியா ஒரு பித்தளைத் தகடு வெச்சிருக்காங்க. அப்புறம் கிரிப்ட்னு சொல்ற நிலவறை. இந்தக் கதீட்ரல் கட்டினது சதுப்பு மண்ணு மேல, நிலத்தடித் தண்ணி மழைக்காலத்துல ஏறி கிரிப்ட் முழுக்க நிறைஞ்சிடும். அந்தத் தண்ணிக்கு நடுவுல ஆன்டனி கோர்ம்லி செஞ்ச ஒரு மனுஷச் சிலை தன்னோட ரெண்டு கையையும் குவிச்சு அதையே குனிஞ்சு பாத்துக்கிட்டு நிக்கும். கோடையில போனா வெறும் தரையில நிக்கற சிலை, மழை நல்லா பேஞ்ச குளிர்காலத்துல போனா முழங்கால் தண்ணில, சில சமயம் அதுக்கும் மேல. குளிர்காலத்துக்குன்னே இருக்கற காட்சி இது.

இதே தண்ணியால தான் 1900கள் ஆரம்பத்துல கட்டடமே இறங்க ஆரம்பிச்சது. வில்லியம் வாக்கர்ங்கற டைவர் 1906ல இருந்து 1911 வரைக்கும் தினமும் ஆறு மணி நேரம், கலங்கல் தண்ணிக்குள்ள, கும்மிருட்டுல, கையால தடவித் தடவி அஸ்திவாரத்துக்கு அடில கான்கிரீட் மூட்டை அடுக்கினார். மூட்டை மட்டும் 25,000க்கு மேல, கான்கிரீட் பிளாக் ஒரு லட்சத்துக்கு மேல. அவரோட சின்னச் சிலை ஒண்ணு உள்ள இருக்கு, தேடிப் பாத்துட்டு வாங்க.

டிசம்பர்னா 4 மணிக்கு இருட்டிடும், ஒரு டீ குடிச்சுட்டு 5:10க்குத் திரும்ப கதீட்ரல் வாசலுக்கு வாங்க. ஈவன்சாங் பெரும்பாலும் 5:30க்கு, இலவசம். நீங்க கிறிஸ்தவரா இருக்கணும்னு இல்ல, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, கொஞ்சம் முன்னாடி போனா பாடறவங்களுக்குப் பக்கத்துலயே மர இருக்கைல உக்கார வெப்பாங்க. மத்தவங்க எழுந்தா எழுந்திருங்க, உக்காந்தா உக்காருங்க, போனை ஆஃப் பண்ணிடுங்க. முக்கால் மணி நேரம் அந்தப் பெரிய கல்கூட்டுக்குள்ள குழந்தைங்க குரல் மேல ஏறி நின்னு மெதுவா கரையறதைக் கேட்டா, காலைல இருந்து நடந்த அலுப்பெல்லாம் போயிடும். ஸ்கூல் லீவ் நாள்ல, முக்கியமா கிறிஸ்துமஸ் முடிஞ்ச வாரத்துல பாடகர் குழு இருக்க மாட்டாங்க, அப்போ வெறும் பிரார்த்தனை மட்டும் தான், முன்னாடியே பாத்துக்கங்க.

இதே முறைல வேற ஊருங்க

ரை போறவங்க லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷன்ல ஹைஸ்பீட் ட்ரெயின் ஏறி ஆஷ்ஃபோர்ட்ல மாறணும், மொத்தம் ஒரு மணி நேரம் சொச்சம். ஆஷ்ஃபோர்ட்ல இருந்து மணிக்கு ஒரு ட்ரெயின் தான், திரும்பற நேரத்தை எழுதி வெச்சுக்கங்க. ஒரு காலத்துல கடலோரத் துறைமுகமா இருந்த ஊர், கடல் தள்ளிப் போயிடுச்சு, இப்ப ரெண்டு மைல் தள்ளி ரை ஹார்பர் நேச்சர் ரிசர்வ் இருக்கு. காலைல முதல்ல அங்க நடங்க, லாப்விங், கோல்டன் ப்ளோவர் பறவைங்கல்லாம் கூட்டம் கூட்டமா எழும்பித் திரும்பும், காத்து மட்டும் முகத்துல அறையும். மதியம் மெர்மெய்ட் ஸ்ட்ரீட், உருண்டைக் கல்லுத் தெரு, பனி உறைஞ்சா பயங்கரமா வழுக்கும், ஓரமா நடங்க. செயின்ட் மேரி சர்ச் கடிகாரத்தோட நீளமான பெண்டுலம் சர்ச்சுக்குள்ளயே நம்ம தலைக்கு மேல ஆடிட்டு இருக்கும். கோபுரம் ஏற விட்டாங்கன்னா கண்டிப்பா ஏறுங்க.

கேன்டர்பரிக்கும் செயின்ட் பாங்க்ராஸ்ல இருந்து தான், ஒரு மணி நேரத்துக்குள்ள. ஆர்ச்பிஷப் தாமஸ் பெக்கெட்டை கதீட்ரலுக்குள்ளயே வெட்டிக் கொன்னது 1170 டிசம்பர் 29, வருஷாவருஷம் அந்தத் தேதில சாயங்கால ஆராதனையில அவரை நினைவு கூர்றாங்க. அவரோட சமாதி இருந்த இடத்தை எட்டாம் ஹென்றி 1538ல இடிச்சுட்டார், இப்ப வெறும் தரையில ஒரே ஒரு மெழுகுவத்தி எரியுது. அங்க ஏறிப் போற படிக்கட்டை குனிஞ்சு பாருங்க, யாத்ரீகர்கள் முழங்காலும் காலும் பட்டுப் பட்டு கல்லு குழிஞ்சிருக்கு.

சாலிஸ்பரி வாட்டர்லூல இருந்து ஒன்றரை மணி நேரம். 123 மீட்டர் கோபுரம், நாட்டுலயே உயரமான சர்ச் கோபுரம், ராஜாவோட அதிகாரத்துக்கு வரம்பு போட்ட 1215 மாக்னா கார்ட்டா சாசனத்தோட மிஞ்சியிருக்கற நாலு பிரதில ஒண்ணு இங்க. ஸ்டோன்ஹெஞ்சையும் சேத்துப் பாக்கணும்னா அதைக் காலைலயே முடிச்சிடுங்க, கடைசி அனுமதி சீக்கிரமே முடிஞ்சிடும். அந்தக் கல்லுங்க வருஷத்தோட குறைஞ்ச பகல் நாள்ல சூரியன் மறையற திசைய நோக்கி இருக்கு. அந்த நாளை ஒட்டி ஒரு காலைல மட்டும் சூரிய உதயத்துக்கு எல்லாரையும் கல்லுக்குப் பக்கத்துலயே இலவசமா விடுவாங்க, தேதி இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அறிவிக்கும்.

கார் இருக்கறவங்களுக்கு ஈலி. கதீட்ரல் கோபுரம் 1322 பிப்ரவரில இடிஞ்சு விழுந்த இடத்துல பெரிய பெரிய ஓக் மரத்தைத் தூக்கி நிறுத்தி எட்டுமூலைக் கூரை போட்டாங்க, கீழ நின்னு அண்ணாந்து பாக்கறப்ப கழுத்து வலிக்கும், அப்பவும் கண்ணை எடுக்க முடியாது. அங்க இருந்து வெல்னி ஈரநிலப் பறவைச் சரணாலயம் போனா ஐஸ்லாந்துல இருந்து பறந்து வந்த ஹூப்பர் அன்னங்கள் ஆயிரக்கணக்குல, இருட்டற நேரத்துல வயல்ல இருந்து கூட்டமா தண்ணிக்குத் திரும்பும். நான் வகுத்த முறைக்கு இது மட்டும் விதிவிலக்கு, இங்க ஊரைக் காலைலயும் வயக்காட்டைச் சாயங்காலமும் பாக்கணும்.

பாத் எல்லாருக்கும் தெரிஞ்சது தான், 46 டிகிரி வெந்நீர் ஊத்துல இருந்து ஆவி எழும்பறது குளிர்ல தான் நல்லா தெரியும், அதனால ஜனவரி வாரநாள் ஒண்ணுல போங்க.

வயக்காட்டு நடைக்கு சில கறார் விஷயங்கள்

மேப்ல 8 கி.மீ.னா கோடையில ரெண்டு மணி நேரம், சேத்துல மூணு ஆகும். சூரியன் மறையறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ரோட்டுக்கு வந்துடற மாதிரி கணக்குப் போடுங்க. மஞ்சள் அம்பு நடக்கறவங்க பாதை, நீல அம்புல குதிரையும் வரும், அங்க சேறு ரெண்டு மடங்கு. கேட் மூடியிருந்தா மூடிட்டுப் போங்க, திறந்திருந்தா அப்படியே விடுங்க. ஆர்டனன்ஸ் சர்வேங்கற அரசு மேப் நிறுவனத்தோட மேப்பை போன்ல டவுன்லோட் பண்ணிக்கங்க, பள்ளத்துல சிக்னல் இருக்காது. செவன் சிஸ்டர்ஸ் மாதிரி சுண்ணாம்புப் பாறை விளிம்புல போட்டோவுக்காக நிக்கவே நிக்காதீங்க, மழையும் உறைபனியும் மாறி மாறி வர்றதால குளிர்காலத்துல திடீர்னு சரிஞ்சு விழும், கீழ கடற்கரையில பாறையை ஒட்டி உக்காரறதும் அதே ஆபத்து.

முந்தின ராத்திரி

மூணு சைட் பாருங்க. வானிலை அலுவலகமான மெட் ஆஃபீஸ்ல எச்சரிக்கை இருக்கானு, மஞ்சள்னா யோசிங்க, ஆம்பர்னா தள்ளிப் போடுங்க. ஆத்தோரம் நடக்கறதா இருந்தா என்விரான்மென்ட் ஏஜென்சியோட வெள்ள எச்சரிக்கை. கடைசியா நேஷனல் ரெயில், அதைக் காலைல கிளம்பறப்ப இன்னொரு தடவை. ட்ரெயின் லேட்டாச்சுன்னா டிலே ரீபே கேட்கலாம், சில கம்பெனில 15 நிமிஷம், சிலதுல 30 நிமிஷம் லேட்டானா காசு திரும்ப வரும், 28 நாளுக்குள்ள அப்ளை பண்ணணும், அதனால காகித டிக்கெட்டா இருந்தா கேட்ல போடறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க.